விக்கிப்பீடியாவில் விடுபட்டுப்போன அமெரிக்க வானொலி நிலையங்களைத் தேடிப் பிடிப்பது எப்படி

ஆங்கில விக்கிப்பீடியாவில் அமெரிக்க வானொலி நிலையங்களைப் பற்றி ஆயிரக்கணக்கில் கட்டுரைகள் கிடக்கின்றன. பார்க்கிறவர்களுக்கு இனி எழுத என்ன மிச்சம் என்றுதான் தோன்றும். எனக்கும் அப்படித்தான் இருந்தது, ஒரே ஒரு மாநிலத்தின் பட்டியலை எடுத்து வரிவரியாகச் சரிபார்க்க உட்காரும் வரைக்கும். நிலையத்தின் அழைப்புக் குறி, அதாவது கே.ஒய்.டபிள்யூ. மாதிரியான எழுத்துப் பெயர், இருக்கும், அலைவரிசை இருக்கும், கோபுரத்தின் உயரம்கூட மீட்டர் கணக்கில் இருக்கும். ஆனால் அதை யார் தொடங்கினார்கள், அந்த ஊர்க்காரர்கள் அதில் என்ன கேட்டார்கள், எப்போது எதற்காக மூடினார்கள் என்று ஒரு வரி இருக்காது. கட்டுரையே இல்லாத நிலையம் ஒரு வகை இடைவெளி, கட்டுரை இருந்தும் உள்ளே ஒன்றுமில்லாத நிலையம் இன்னொரு வகை. இரண்டாவதுதான் அதிகம், கண்ணில் படாததும் அதுதான். இரண்டையும் எப்படிக் கண்டுபிடிப்பது என்று நான் செய்து பார்த்த வழியைச் சொல்கிறேன்.

முதலில் ஒன்று: முழு நாட்டையும் கையில் எடுக்காதீர்கள். ஏ.எம். நிலையங்கள் மட்டுமே 4,000க்கு மேல், எஃப்.எம். நிலையங்கள் வணிகம் சார்ந்தவையும் சாராதவையும் சேர்த்து 10,000க்கு மேல், அதற்கு வெளியே சிறுதிறன் எஃப்.எம். நிலையங்கள் 2,000 அளவுக்கு இருக்கின்றன. டெக்சாஸ், கலிஃபோர்னியா பக்கம் போனால் இரண்டு வாரத்தில் சலித்துப் போய்விடும். வடக்கு டகோட்டா, வயோமிங், வெர்மான்ட் மாதிரி ஒரு சின்ன மாநிலத்தை எடுத்தால் நாலைந்து மாலை நேரத்தில் முழுப் படமும் கைக்கு வரும், அந்த மாநிலத்தின் ஊர்ப் பெயர்களும் மனதில் பதிந்துவிடும். ஊர்ப் பெயர் பதிவது ரொம்ப முக்கியம், பிறகு பழைய செய்தித்தாளைத் தேடும்போது தெரியும்.

சரி, மாநிலத்தைத் தேர்ந்தெடுத்தாயிற்று. அடுத்து அரசாங்கப் பட்டியல். அங்கே வானொலிக்கு உரிமம் கொடுப்பது எஃப்.சி.சி. என்கிற கூட்டாட்சித் தகவல்தொடர்பு ஆணையம், 1934இல் உருவானது. அதன் இணையதளத்தில் ஏ.எம். கொயரி, எஃப்.எம். கொயரி என்று இரண்டு தேடல் பக்கங்கள் உண்டு. மாநிலத்தை மட்டும் தேர்ந்தெடுத்து, விடையை எழுத்துக் கோப்பாகக் கேட்டால் நெடுங்கோடுகளால் பிரித்த வரிசைகளாகத் தரும், அதை அப்படியே எக்செல்லில் கொட்டிக்கொள்ளலாம். கொட்டிய உடனே எண்ணத் தொடங்காதீர்கள். ஒரே நிலையம் மூன்று நான்கு வரிசைகளில் வரும்: உரிமத்துக்கு ஒன்று, கட்டுமான அனுமதிக்கு ஒன்று, நிலுவையில் இருக்கும் விண்ணப்பத்துக்கு ஒன்று, ஏ.எம். என்றால் பகலுக்கும் இரவுக்கும் தனித்தனியாக. அதுபோக சேவைக் குறியீட்டையும் பார்க்க வேண்டும். எஃப்.எக்ஸ். என்று இருந்தால் அது டிரான்ஸ்லேட்டர், அதாவது வேறொரு நிலையத்தின் ஒலியை வாங்கி வேறு அலைவரிசையில் விடுகிற சின்னக் கருவி. எஃப்.பி. என்றால் பூஸ்டர், அதே அலைவரிசையில் மறுபடி விடுவது. எஃப்.எல். என்றால் சிறுதிறன் நிலையம். டிரான்ஸ்லேட்டரையும் பூஸ்டரையும் வடிகட்டித் தள்ளிவிடுங்கள், அவற்றுக்குத் தனிக் கட்டுரை தேவைப்படாது.

இதில் உங்கள் உயிர்நாடி ஒன்று இருக்கிறது: எஃப்.சி.சி. ஒவ்வொரு நிலையத்துக்கும் கொடுக்கிற ஃபெசிலிட்டி ஐடி என்கிற எண். நிலையத்தின் பெயர் மாறும், உரிமையாளர் மாறுவார், அலைவரிசைகூட மாறும், இந்த எண் மாறாது. அழைப்புக் குறியை நம்பி வேலை செய்தால் எப்படிச் சிக்கல் வரும் என்பதற்கு கே.ஒய்.டபிள்யூ. என்ற பெயரின் கதை போதும். 1921இல் சிகாகோவில் தொடங்கிய நிலையம் அது, 1934இல் ஃபிலடெல்ஃபியாவுக்குக் குடிபெயர்ந்தது, 1956இல் என்.பி.சி., வெஸ்டிங்ஹவுஸ் என்ற இரண்டு நிறுவனங்களும் தங்கள் நிலையங்களை மாற்றிக்கொண்டபோது பெயர் மட்டும் கிளீவ்லாந்துக்குப் போனது, 1965இல் அந்தப் பரிமாற்றம் ரத்தானதும் ஃபிலடெல்ஃபியாவுக்கே திரும்பியது. கிளீவ்லாந்தில் இருந்த நிலையத்துக்கோ டபிள்யூ.டி.ஏ.எம்., கே.ஒய்.டபிள்யூ., டபிள்யூ.கே.ஒய்.சி. என்று பெயர் மாறிக்கொண்டே வந்து, இன்றைக்கு மறுபடி டபிள்யூ.டி.ஏ.எம். 1960ஆம் ஆண்டுச் செய்தித்தாளில் கே.ஒய்.டபிள்யூ. என்று படித்துவிட்டு அதை ஃபிலடெல்ஃபியா கட்டுரையில் சேர்த்தால் தப்பு. இது பெரிய நிலையம், ஆயிரம் பேர் பார்த்துத் திருத்திவிடுவார்கள். சின்ன ஊர் நிலையத்தில் நீங்கள் செய்கிற தப்பு பத்து வருஷம் அப்படியே இருக்கும். நான் ஒரு முறை கட்டுரை இல்லாத நிலையம் என்று நினைத்து அரைக் கட்டுரை எழுதி முடித்த பிறகுதான், அதே நிலையத்துக்கு இரண்டு பெயர் தள்ளி வேறு தலைப்பில் கட்டுரை இருப்பதைப் பார்த்தேன். அன்றிலிருந்து எக்செல்லில் முதல் நெடுவரிசையே இந்த எண்தான்.

இப்போது விக்கிப்பீடியா பக்கம். ஒவ்வொரு மாநிலத்துக்கும் வானொலி நிலையங்களின் பட்டியல் கட்டுரை ஒன்று உண்டு, அட்டவணையாக இருக்கும். அதைப் பிரதியெடுத்து உங்கள் எக்செல்லில் பக்கத்தில் ஒட்டிக்கொள்ளுங்கள். சிவப்பு இணைப்பு என்றால் கட்டுரை இல்லை, எல்லாருக்கும் தெரியும். நீல இணைப்புதான் ஏமாற்றும். கிறிஸ்தவ வலையமைப்புகள் நாடு முழுக்க நூற்றுக்கணக்கில் நிலையங்களை வாங்கிச் செயற்கைக்கோள் வழியாக ஒரே நிகழ்ச்சியை ஓட்டுகின்றன, அப்படி வாங்கப்பட்ட நிலையத்தின் பெயர் பல நேரம் வலையமைப்பின் கட்டுரைக்கு வழிமாற்றாக, அதாவது சொடுக்கினால் அங்கே கொண்டுபோய் விடுகிற தலைப்பாக இருக்கும். சொடுக்கினால் ஏதோ ஒரு பக்கம் திறக்கும், நீங்களும் கட்டுரை இருக்கிறது என்று அடுத்த வரிக்குப் போய்விடுவீர்கள். ஆனால் வாங்கப்படுவதற்கு முன்னால் அதே நிலையம் முப்பது நாற்பது வருஷம் உள்ளூர்ச் செய்தி, பள்ளிக்கூடக் கூடைப்பந்து, கோதுமை விலை எல்லாம் சொல்லிக்கொண்டிருந்திருக்கலாம். அந்த வரலாறு வழிமாற்றுக்குள் புதைந்து கிடக்கிறது. என் கணக்கில் தோண்டுவதற்கு மிக நல்ல இடம் இதுதான்.

கையால் சொடுக்கிப் பார்ப்பது வேண்டாம் என்றால் பெட்ஸ்கேன் என்ற கருவி இருக்கிறது, மாநிலத்தின் வானொலி நிலையப் பகுப்பைக் கொடுத்து துணைப் பகுப்புகளையும் சேர்த்துக் கேட்டால் உள்ளே இருக்கிற எல்லாக் கட்டுரைகளையும் தரும், வழிமாற்றுகளைத் தனியாகப் பிரிக்கவும் சொல்லலாம். இன்னும் நுணுக்கமாக வேண்டுமென்றால் விக்கித்தரவு, விக்கிப்பீடியாவின் கூடவே இருக்கிற தரவுத்தளம். அங்கே ஃபெசிலிட்டி ஐடிக்கென்றே ஒரு பண்பு (தரவைப் போடுகிற கட்டம்) இருக்கிறது, வினவல் எழுதத் தெரிந்தவர்கள் அந்த எண்ணையும் ஆங்கிலக் கட்டுரையின் பெயரையும் ஒன்றாக இறக்கிக்கொண்டு எஃப்.சி.சி. பட்டியலோடு எண்ணுக்கு எண் பொருத்திப் பார்க்கலாம். ஐந்து நிமிட வேலை. பொருந்தாமல் மிஞ்சுகிற எண்கள்தான் உங்கள் முதல் பட்டியல். விக்கித்தரவிலும் எல்லா எண்ணும் ஏறியிருக்காது, அதனால் மிஞ்சியவற்றைக் கண்ணால் ஒரு முறை பார்த்தே ஆக வேண்டும்.

அப்புறம் உள்ளே ஒன்றுமில்லாத கட்டுரைகள். வானொலி நிலையங்களுக்கான விக்கித்திட்டம், அதாவது அதில் ஆர்வமுள்ள தொகுப்பாளர்களின் குழு, கட்டுரைகளைத் தரம் பிரித்து ஓர் அட்டவணை வைத்திருக்கிறது, குறுங்கட்டுரை என்ற கட்டத்தைச் சொடுக்கினால் மொத்தப் பட்டியலும் வரும். ஆனால் பைட் அளவை நம்பாதீர்கள். தகவற்பெட்டி, இணைப்பு வார்ப்புருக்கள், கீழே அந்த நகரத்தின் எல்லா நிலையங்களையும் அடுக்கிய பெட்டி என்று எல்லாம் சேர்ந்து ஐந்தாறாயிரம் பைட் காட்டும், படிக்கிற உரை மூன்று வாக்கியம்தான் இருக்கும். அந்த மூன்றும் ஏறக்குறைய எல்லாக் கட்டுரையிலும் ஒன்றே: இன்ன ஊருக்கு உரிமம் பெற்றது, இன்ன வகை இசை ஒலிபரப்புகிறது, இன்ன நிறுவனத்துக்குச் சொந்தம். வரலாறு என்ற தலைப்பே இல்லாத கட்டுரைகளைத் தேடுங்கள், அல்லது அந்தத் தலைப்பின் கீழ் முதல் வாக்கியமே 1990களில் தொடங்குகிற கட்டுரைகளை. 1996ஆம் ஆண்டுத் தொலைத்தொடர்புச் சட்டம் ஒரே நிறுவனம் நாடு முழுக்க 40 நிலையங்களுக்கு மேல் வைத்திருக்கக் கூடாது என்ற வரம்பை எடுத்துவிட்டது, அதற்குப் பிறகு நிலையங்கள் கைமாறிக்கொண்டே இருந்தன, கைமாற்றத்துக்கு ஆவணம் உண்டு, இணையத்திலும் கிடைக்கும். அதனால் யார் எழுதினாலும் அங்கிருந்துதான் தொடங்குகிறார்கள். அதற்கு முந்தைய ஐம்பது வருஷம் காற்றோடு போகிறது.

அந்த ஐம்பது வருஷத்தை மீட்க இரண்டு புதையல்கள் இருக்கின்றன, இரண்டும் இலவசம். ஒன்று எஃப்.சி.சி.யின் வரலாற்று அட்டைகள். 1927 முதல் 1980 வரை ஒவ்வொரு நிலையத்துக்கும் அட்டைகளில் தட்டச்சு செய்தும் கையால் எழுதியும் வைத்திருந்தார்கள்: எப்போது அனுமதி, எந்த அலைவரிசை, எத்தனை வாட், யாருக்குக் கைமாறியது, பெயர் எப்போது மாறியது. எல்லாவற்றையும் ஸ்கேன் செய்து இணையத்தில் போட்டிருக்கிறார்கள். படிக்கக் கொஞ்சம் பழக வேண்டும், சுருக்கெழுத்துகள் நிறைய. இன்னொன்று பிராட்காஸ்டிங் இயர்புக் என்ற ஆண்டு மலர், 1935 முதல் 2010 வரை வந்தது, வேர்ல்டு ரேடியோ ஹிஸ்டரி தளத்தில் பக்கம் பக்கமாகக் கிடைக்கிறது. நிலையம் எந்தத் தேதியில் ஒலிபரப்பைத் தொடங்கியது, மேலாளர் யார், எந்த வலையமைப்பு, வாரத்தில் எத்தனை மணி நேரம் எந்த மொழி நிகழ்ச்சி என்றுகூட பல ஆண்டுகளில் போட்டிருக்கிறார்கள்.

இங்கே ஓர் எச்சரிக்கை. அட்டையில் முதலில் வருகிற தேதி கட்டுமான அனுமதி கொடுத்த தேதி. அதற்கும் ஒலிபரப்பு தொடங்கிய நாளுக்கும் நடுவே மாதங்கள், சில நேரம் வருஷங்கள் ஓடும். உரிமத் தேதி இன்னும் வேறு, அது நிலையம் ஓடத் தொடங்கிய பிறகு வருவது. விக்கிப்பீடியாவில் தொடக்க நாள் என்று போட்டிருப்பது பல இடங்களில் இந்த உரிமத் தேதியாகத்தான் இருக்கிறது. கட்டுரை முழுசாகத் தெரிந்தாலும் அந்த ஒரு தேதியைச் சரிபாருங்கள். ஆண்டு மலரிலும் ஒரு வருஷத்துக்கும் இன்னொரு வருஷத்துக்கும் தேதி மாறும், முடிந்தால் உள்ளூர்ச் செய்தித்தாளில் அந்த வாரச் செய்தியைப் பார்த்து உறுதிசெய்வதே நல்லது.

செத்துப்போன நிலையங்களைப் பற்றித் தனியாகச் சொல்ல வேண்டும். எஃப்.சி.சி. தேடல் பக்கம் இன்றைக்கு உயிரோடு இருப்பவற்றைத்தான் முக்கியமாகக் காட்டும், அதை மட்டும் வைத்துக்கொண்டு ஒப்பிட்டால் இறந்தவை எந்தப் பட்டியலிலும் வராது. இதற்கு நான் செய்வது: ஒரே மாநிலத்தின் பக்கத்தை 1950 மலரிலும் 1960 மலரிலும் எடுத்துப் பக்கத்தில் பக்கத்தில் வைத்து, முதலாவதில் இருந்து இரண்டாவதில் இல்லாதவற்றைக் குறித்துக்கொள்வது. பெயர் மாறியவை பாதி இருக்கும், அவற்றை அட்டை வைத்துக் கழித்துவிட்டால் மிஞ்சுபவை உண்மையிலேயே மூடியவை. இரண்டாம் உலகப் போருக்குப் பிறகு வந்த எஃப்.எம். நிலையங்களில் இது நிறைய. 1945இல் எஃப்.எம். பட்டையை 42 முதல் 50 மெகாஹெர்ட்ஸ் வரை இருந்த இடத்திலிருந்து இப்போதிருக்கும் 88க்கு மேலே நகர்த்தினார்கள், மக்கள் வாங்கி வைத்திருந்த ரேடியோப் பெட்டிகள் வீணாயின, ஆர்வத்தோடு தொடங்கிய நிலையங்கள் பல 1950களின் நடுவுக்குள் கேட்க ஆளில்லாமல் உரிமத்தைத் திருப்பிக் கொடுத்தன. செய்தித்தாள் நிறுவனங்கள் தொடங்கியவை அவற்றில் கணிசம், அதனால் அந்தச் செய்தித்தாளிலேயே நிறைய எழுதியிருப்பார்கள். ஆனால் சொந்த முதலாளியின் பத்திரிகை என்பதால் அதைச் சார்பற்ற சான்றாகக் காட்ட முடியாது, பக்கத்து ஊர்ப் பத்திரிகையையும் பாருங்கள்.

1920களின் நிலையங்களுக்கு இயர்புக் கிடையாது. வணிகத் துறை மாதாமாதம் வெளியிட்ட ரேடியோ சர்வீஸ் புல்லட்டினில் புதிதாக வந்தவை, நீக்கப்பட்டவை என்று பட்டியல் இருக்கும். 1922 முடிவதற்குள் 500க்கு மேல் நிலையங்களுக்கு உரிமம் கொடுத்திருந்தார்கள்; துணிக்கடை, தேவாலயம், மோட்டார் கடை, கல்லூரி என்று யார் யாரோ நடத்தினார்கள். பல சில மாதங்களே ஓடின. 1928இல் எஃப்.சி.சி.க்கு முன்பிருந்த கூட்டாட்சி வானொலி ஆணையம் 164 நிலையங்களுக்கு, நீங்கள் தொடர்வதால் பொதுமக்களுக்கு என்ன பயன் என்று விளக்கம் கேட்டு ஆணை அனுப்பியது, அந்த நேரத்துச் செய்தித்தாள்கள் அதை விரிவாக எழுதின. அந்தக் காலத்து நிலையம் ஒன்றைத் தேடுகிறீர்கள் என்றால் 1928 கோடைக்காலச் செய்தித்தாள்களிலிருந்து தொடங்குங்கள்.

உயிரோடு இருக்கும் ஏ.எம். நிலையங்களில் எங்கே முதலில் பார்ப்பது என்று கேட்டால், 1230, 1240, 1340, 1400, 1450, 1490 என்ற ஆறு அலைவரிசைகள். இவை உள்ளூர் அலைவரிசைகள், நாடு முழுக்க நூற்றுக்கணக்கான சிற்றூர் நிலையங்கள் இவற்றில்தான் நெருக்கியடித்துக்கொண்டு இருக்கின்றன, 1,000 வாட்டுக்கு மேல் போக முடியாது. பெரிய நகரத்து 50,000 வாட் நிலையங்களைப் பற்றி எழுத ஆட்கள் உண்டு, இவற்றுக்கு இல்லை. எஃப்.எம்.மில் 88.1 முதல் 91.9 வரை வணிகம் சாராதவற்றுக்கு ஒதுக்கியது. அதில் பள்ளிக்கூடங்களும் கல்லூரிகளும் 10 வாட்டில் நடத்திய டி வகை நிலையங்கள் பெரிய இடைவெளி. 1978இல் எஃப்.சி.சி. புதிய டி வகை உரிமங்களை நிறுத்தி, இருப்பவை 100 வாட்டுக்கு உயர வேண்டும், இல்லாவிட்டால் மற்ற நிலையங்களின் இடையூறிலிருந்து பாதுகாப்பு கிடையாது என்று சொன்னதும் பல பள்ளி நிலையங்கள் மறைந்துபோயின. இவற்றுக்குப் பள்ளி ஆண்டு மலர்களும் மாணவர் பத்திரிகைகளும்தான் ஆதாரம், அவை தனியாக ஒரு கட்டுரையைத் தாங்காது, ஆனால் பள்ளியின் கட்டுரையில் ஒரு பத்தி தாராளமாகச் சேர்க்கலாம்.

எனக்கு ரொம்ப மனதுக்கு நெருக்கமான இடம் சிறுபான்மை நிலையங்கள். முதன்முதல் என்று பெயர் வாங்கியவற்றுக்கு நல்ல கட்டுரைகள் இருக்கின்றன: 1949இல் அட்லாண்டாவில் கறுப்பினத்தவர் ஒருவருக்குச் சொந்தமான முதல் நிலையமாக வந்த டபிள்யூ.இ.ஆர்.டி., 1946இல் சான் அன்டோனியோவில் ராவுல் கோர்ட்டேஸ் தொடங்கிய ஸ்பானிய நிலையமான கே.சி.ஓ.ஆர். போன்றவை. அவற்றுக்கு அடுத்து இரண்டாவதாக, பத்தாவதாக வந்தவற்றைத் தேடிப் பாருங்கள், வெறிச்சோடிக் கிடக்கும். பழங்குடி நிலையங்களும் அப்படித்தான். அலாஸ்காவில் பெத்தேல் ஊரில் 1971 முதல் யூபிக் மொழியிலும் பேசுகிற கே.ஒய்.யு.கே., தெற்கு டகோட்டாவின் பைன் ரிட்ஜில் 1983இல் வந்த லகோட்டா மக்களின் கே.ஐ.எல்.ஐ., அரிசோனாவில் விண்டோ ராக்கிலிருந்து 660 கிலோஹெர்ட்ஸில் 50,000 வாட்டில் நவஹோ மொழியைப் பரப்புகிற கே.டி.என்.என். எல்லாம் ஓரளவு தெரிந்தவை. மற்றவற்றைத் தேடும்போது பெரிய ஆங்கில நாளிதழ்களில் ஒன்றும் கிடைக்காது, அதைப் பார்த்துவிட்டு ஆதாரமே இல்லை என்று முடிவு கட்டிவிடாதீர்கள். நவஹோ டைம்ஸ் பாருங்கள், கறுப்பினத்தவர் நிலையம் என்றால் சிகாகோ டிஃபெண்டர், பிட்ஸ்பர்க் கூரியர், அட்லாண்டா டெய்லி வேர்ல்டு, ஸ்பானியம் என்றால் லா ஒப்பினியோன். பல்கலைக்கழக ஆய்வேடுகளையும் தேடுங்கள். இந்த நிலையங்களைப் பற்றி முழு ஆய்வேடே இருந்து, விக்கிப்பீடியாவில் ஒருவரும் அதைத் தொடாமல் இருப்பதை நான் பார்த்திருக்கிறேன்.

செய்தித்தாள்களுக்கு, அமெரிக்க நாடாளுமன்ற நூலகத்தின் குரோனிக்ளிங் அமெரிக்கா என்ற இணையக் காப்பகம் இலவசம். மாநிலத் தொகுப்புகளும் உண்டு, டெக்சாஸ், கொலராடோ, கலிஃபோர்னியா மூன்றும் அருமையானவை. கட்டணக் காப்பகங்கள் வேண்டுமென்றால் விக்கிப்பீடியா நூலகம் வழியாகப் போகலாம், விக்கிப்பீடியாவில் 500 திருத்தங்களும் ஆறு மாதம் பழைய கணக்கும் இருந்து, கடைசி மாதத்தில் பத்துத் திருத்தமாவது செய்திருந்தால் போதும். இங்கிருந்தே உட்கார்ந்து செய்யலாம் என்பதற்காகச் சொல்கிறேன், அமெரிக்காவில் இருக்க வேண்டிய அவசியமே இல்லை. தேடும்போது அழைப்புக் குறியை மட்டும் கொடுத்தால் அந்தக் காலத்து அச்சை எந்திரம் தப்பாகப் படித்து எதுவும் வராமல் போகும், ஊர்ப் பெயரோடு உரிமையாளர் பெயர், கோபுரம், புதிய நிலையம் போன்ற சொற்களையும் மாற்றி மாற்றிப் போட்டுப் பாருங்கள்.

எல்லா இடைவெளியையும் கட்டுரையாக்க வேண்டும் என்று நினைக்க வேண்டாம். உரிமம் இருக்கிறது என்பது மட்டும் இப்போது விக்கிப்பீடியாவில் போதாது, நிலையத்துக்குத் தொடர்பில்லாதவர்கள் அதைப் பற்றி விரிவாக எழுதியிருக்க வேண்டும், எஃப்.சி.சி. பதிவு அந்தக் கணக்கில் சேராது. 2000இல் வந்த சிறுதிறன் சேவையின் கீழ் 100 வாட்டில் சுமார் ஐந்தரைக் கிலோமீட்டர் சுற்றுக்குக் கேட்கிற நிலையங்கள் பலவற்றுக்கு அப்படி ஆதாரம் கிடைக்காது. அப்போது ஊர்க் கட்டுரையில் ஒரு வரியும், மாநிலப் பட்டியலில் சரியான ஒரு வரிசையும், பெயரிலிருந்து அங்கே ஒரு வழிமாற்றும் போட்டால் சரியாக இருக்கும். அனுமதி வாங்கிக் கட்டாமலே விட்ட நிலையங்களைத் தொடவே வேண்டாம்.

உயிரோடு இருப்பதாக எழுதப்பட்டு உண்மையில் செத்துவிட்டவையும் உண்டு. தொடர்ந்து 12 மாதம் ஒலிபரப்பு இல்லாமல் இருந்தால் சட்டப்படி உரிமம் தானாகக் காலாவதியாகும், அது பத்திரிகையில் வராமலே நடந்துவிடும், கட்டுரை மட்டும் இன்னும் நிகழ்காலத்தில் பேசிக்கொண்டிருக்கும். எஃப்.சி.சி.யின் எல்.எம்.எஸ். என்ற உரிமத் தரவுத் தளத்தில் ஃபெசிலிட்டி ஐடி எண்ணைப் போட்டு நிலையைப் பாருங்கள். எஃப்.சி.சி.யின் தனிப் பொதுக் கோப்புத் தளத்தில், சிறுதிறன் அல்லாத நிலையங்கள் மூன்று மாதத்துக்கு ஒருமுறை எந்த உள்ளூர்ப் பிரச்சினைகளைப் பற்றி நிகழ்ச்சி போட்டன என்ற பட்டியலும் இருக்கும். நிலையம் தானே எழுதித் தருவது என்பதால் சான்றாக அவ்வளவு வலுவில்லை, ஆனால் எதைத் தேட வேண்டும் என்று காட்டிக்கொடுக்கும்.

இதைத் தள்ளிப்போடக் கூடாது என்று நான் சொல்வதற்கு ஒரு காரணம் இருக்கிறது. 1967ஆம் ஆண்டுச் சட்டத்தால் வந்து, வணிகம் சாராத நிலையங்களுக்கு நிதி கொடுத்துவந்த பொது ஒலிபரப்புக் கழகத்துக்கு ஒதுக்கிய 110 கோடி டாலரை 2025 ஜூலையில் அமெரிக்க நாடாளுமன்றம் திரும்பப் பெற்றது, அடுத்த மாதமே கழகம் தன் பணிகளை முடித்துக்கொள்ளப் போவதாக அறிவித்தது. அந்தப் பணத்தை அதிகம் நம்பியிருந்தவை கிராமப்புற நிலையங்களும் பழங்குடி நிலையங்களும். ஒரு நிலையம் மூடினால் முதலில் போவது அதன் இணையதளம். தங்கள் கதையை அவர்களே எழுதி வைத்த பக்கம், பழைய புகைப்படங்கள், நிகழ்ச்சி அட்டவணை எல்லாம் அதோடு போய்விடும். அதனால் உங்கள் எக்செல்லில் வணிகம் சாராத நிலையங்களை மட்டும் முதலில் பிரித்தெடுங்கள், ஒவ்வொன்றின் தளத்தையும் திறந்து வரலாற்றுப் பக்கத்தையும் நிகழ்ச்சிப் பக்கத்தையும் வேபேக் மெஷின் என்ற இணையப் பக்கக் காப்பகத்தில் சேமியுங்கள், சேமித்த தேதியை அந்த நிலையத்தின் எண்ணுக்கு நேராகக் குறித்துக்கொள்ளுங்கள். கட்டுரையை அடுத்த மாதம்கூட எழுதலாம்.